வாயில் கெட்டி, ஏட்டில் தடுமாற்றம்

கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் பாதி வரியில் நின்றுவிடுகிறது. 'சோம்பேறி', 'கவனமில்லை' என்று வீடும் பள்ளியும் பெயர் சூட்டிவிடுகின்றன. சொல்வதற்கும் எழுதுவதற்கும் உள்ள இந்தப் பெரிய இடைவெளி கற்றல் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். இது அறிவுக் குறைவு அல்ல; எழுத்தையும் எண்ணையும் மூளை கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு. வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா என்பார்கள்.

எதைக் கவனிப்பது?

ர-ற, ல-ள குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் துணைக்காலையும் புள்ளியையும் விட்டுவிடுவது, 'கொ' எழுதும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் சேர்க்கத் திணறுவது, நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதுபோலப் பார்ப்பது, வரி தாவி வாசிப்பது, 21ஐ 12 என்று எழுதுவது ஆகியவை பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் தொடர்ந்தால் பரிசோதனை தேவை. முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள்.

யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம். அரசு மருத்துவமனைகளை ஒட்டி இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், 18 வயது வரை இலவசமாகப் பார்க்கின்றன.

ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, வாய்விட்டுச் சொல்லி, விரலால் எழுதிப் பார்த்து, தினமும் சிறிது நேரம் செய்யும் பயிற்சிதான் பலன் தரும். டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' போன்ற வகுப்புகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

சட்டம் என்ன தருகிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிப்பது பள்ளியின் கடமை என்கிறது பிரிவு 16. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குப் பிரிவு 17 வழிசெய்கிறது. அடிப்பதையும் மனம் நோக ஏசுவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள்

2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 8 வயது நிறைந்த பிறகே சான்றிதழ் தர வேண்டும், 14, 18 வயதுகளில் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்றது. பல பெற்றோர் இந்த எட்டு வயதைச் சிகிச்சைக்கான வயது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். சான்றிதழ் வேண்டியது சலுகைக்குத்தான். பயிற்சிக்கு எந்தத் தாளும் வேண்டாம், ஐந்து வயதிலேயே தொடங்கலாம். வேறு சிலர், மகளுக்கு வரன் தேடும்போது தடங்கலாகுமே என்று சான்றிதழையே தவிர்த்துவிட்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். பரிசோதனைக்கும், பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்கவும் நாள் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

பள்ளி மறுத்தால்?

'டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பள்ளி சொன்னால் வாய்ச் சண்டை வேண்டாம். என்ன உதவி தேவை என்று தேதியிட்டுக் கடிதம் எழுதி, மருத்துவ அறிக்கை நகலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசையாவிட்டால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதன்பின் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்று மேலே போகலாம். பிள்ளையை அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ 1098க்கு அழையுங்கள்.