ரெப்போ வட்டி ஏறினால், இறங்கினால்

குறுகிய காலத்துக்குப் பணம் தேவைப்படும் வங்கிகள், அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்குகின்றன. அதற்கான வட்டிதான் ரெப்போ வட்டி. 2016 முதல் ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு இதை முடிவு செய்கிறது. விலைவாசி உயர்வை 4 சதவீதத்தை ஒட்டி, 2-க்குக் கீழே இறங்காமலும் 6-ஐத் தாண்டாமலும் வைத்திருப்பது குழுவின் பொறுப்பு. விலைவாசி ஏறும்போது வட்டியை உயர்த்துவதும், தொழில் மந்தமாகும்போது குறைப்பதும் அதன் வழக்கம்.

கொரோனா காலத்தில், 2020 மே மாதம் 4 சதவீதமாக இறங்கிய ரெப்போ வட்டி, இரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2022 மே 4 அன்று 4.40 ஆனது, 2023 பிப்ரவரிக்குள் படிப்படியாக 6.50-ஐத் தொட்டது. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, ஜூனில் 5.50-க்கும் டிசம்பரில் 5.25-க்கும் வந்தது.

2022-ல் தொடங்கிய ஏற்றத்தின் நடுவேதான் தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி பங்குச்சந்தைக்கு வந்தது. 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962-ல் பெயர் மாறிய இவ்வங்கி, பங்கு ஒன்றுக்கு 500 முதல் 525 ரூபாய் வரை விலை வைத்துப் பங்குகளை வெளியிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று அவை சந்தையில் பட்டியலிடப்பட்டன. அதற்கு முந்தைய நான்கரை மாதங்களில் ரெப்போ 1.40 சதவீதம் ஏறியிருந்தது. அடுத்த பதினைந்து நாளில் மேலும் அரை சதவீதம் ஏறியது. விவசாயம், சிறுதொழில், சில்லறைக் கடன்களே இவ்வங்கியின் கடன்களில் பெரும்பங்கு. வட்டி மாற்றம் இத்தகைய வங்கியை மூன்று வழிகளில் தொடுகிறது.

முதல் வழி, கடன். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களும் சிறுதொழில் கடன்களும் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டாயமாக இணைக்கப்பட்டுள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இவற்றின் வட்டியைத் திருத்தியாக வேண்டும். பாளையங்கோட்டையில் வீடு கட்ட 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கடனாக வாங்கியவருக்கு, எட்டரை சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 17,360 ரூபாய். வட்டி ஏழரையாக இறங்கினால் தவணை 16,110 அளவுக்கு வரும். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால், கடன் சுமார் மூன்று ஆண்டு முன்னதாகவே தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி, வைப்புத் தொகை. நிரந்தர வைப்புக்கு ஒப்புக்கொண்ட வட்டியை, முதிர்வு நாள் வரை வங்கி கொடுத்தே தீர வேண்டும். 6 சதவீதத்துக்கு வைப்பு வாங்கி 9-க்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கு இடைவெளி 3 சதவீதம். ரெப்போ ஒரு சதவீதம் குறைந்தால் கடன் வட்டி சில மாதங்களில் 8 ஆகிவிடும். பழைய வைப்புகளின் வட்டியோ 6-லேயே நிற்கும். இடைவெளி 2-ஆகச் சுருங்கும். வைப்புகள் முதிர்ந்து குறைந்த வட்டிக்குப் புதுப்பிக்கப்பட்ட பிறகே அது மீளும். வட்டி ஏறும் காலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் உள்ள வங்கிக்கு, வட்டி குறைவதன் அடி மெதுவாகவே விழும். நகைக் கடனில் பொதுவாக ஓராண்டு தவணைக்கு வட்டி உறுதியாகிவிடுவதால், புதுப்பிக்கும்போதுதான் மாற்றம் தெரியும்.

மூன்றாவது வழி, கடன் பத்திரம். வங்கிகள் தம் வைப்புகளில் 18 சதவீதத்தைப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 70 ரூபாய் வட்டி தரும் 1,000 ரூபாய்ப் பத்தாண்டுப் பத்திரம், சந்தை வட்டி 7-லிருந்து 6-ஆக இறங்கினால் சுமார் 1,074 ரூபாய்க்கு விலைபோகும். 8-ஆக ஏறினால் 933-க்கு இறங்கும். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் கவிழ்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். வட்டி ஏறியதால் அதன் பத்திரங்கள் மதிப்பிழந்தன. நஷ்டத்துக்கு விற்க நேர்ந்ததும் வைப்பாளர்கள் பதறிப் பணத்தை எடுத்தார்கள்.

பங்குச்சந்தையில் விளைவு வங்கிப் பங்குகளோடு நிற்பதில்லை. நெல்லையை அடுத்த சங்கர்நகரில் 1949 முதல் இயங்கிவரும் சிமென்ட் ஆலையைப் போன்ற தொழிலைப் பார்த்தால் இது விளங்கும். வட்டி குறைந்தால் நிறுவனத்தின் சொந்தக் கடன் செலவு குறையும்; வீட்டுக் கடன் மலிந்து சிமென்ட் விற்பனையும் கூடும். பிற்காலத்து லாபத்தின் இன்றைய மதிப்பும் உயரும். பத்து ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு, 8 சதவீதக் கணக்கில் இன்று 46 ரூபாய் மதிப்பு; 6 சதவீதக் கணக்கில் 56 ரூபாய். வைப்பு வட்டி குறையும்போது சேமிப்பில் ஒரு பகுதி பங்குகள் பக்கம் திரும்பும். அமெரிக்க வட்டி ஏறினால், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை விற்றுப் பணத்தை அங்கே கொண்டுபோவதும் உண்டு.

எதிர்பார்த்த மாற்றத்தைச் சந்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிடும். எதிர்பாராததுதான் அதை உலுக்கும். 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியதும் சென்செக்ஸ் சுமார் 1,307 புள்ளிகள் சரிந்தது. 2025 ஜூன் 6 அன்று கால் சதவீதக் குறைப்பைப் பலர் எதிர்பார்த்திருக்க, அரை சதவீதம் குறைந்தது. அத்துடன், வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வட்டியின்றி வைக்கும் ரொக்கக் கையிருப்பு விகிதம் 4-லிருந்து 3 சதவீதமாகப் படிப்படியாகக் குறையும் என்ற அறிவிப்பும் வந்தது. கடன் கொடுக்க வங்கிகளிடம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் விடுபடும் என்பதால் வங்கிப் பங்குகள் ஏறின. சென்செக்ஸ் சுமார் 747 புள்ளிகள் உயர்ந்தது.

எல்லாக் கடனும் ரெப்போவைப் பின்தொடர்வதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானப் பருவ நெல்லுக்கு வாங்கும் குறுகிய காலப் பயிர்க் கடனின் வட்டியை அரசு மானியமே தீர்மானிக்கிறது. 3 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதம். தவணை தவறாதவருக்கு 4 சதவீதம். தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லை. ரெப்போ 4-ல் நின்ற நாளிலும் 6.50-ல் நின்ற நாளிலும் அப்படிக் கெடுவுக்குள் கட்டிய விவசாயி செலுத்தியது அசல் மட்டுமே.