பறவைக் காய்ச்சலும் பால் பண்ணையும்

“பச்சைப் பாலைக் குடிக்காதே” என்று அம்மா கடிந்தும் கேளாது வளர்ந்தவன் நான். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலக் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டதை அறிந்து திடுக்கிட்டேன். கோழி நோய் பசுவுக்கும் வருமா?

வந்தது! எச்.5 என்.1 என்னும் நச்சுயிரி மடியில் பெருகிப் பாலில் கலக்கிறது. கழுவாத கறவைக் கருவி அதனை அடுத்த மாட்டுக்குக் கொண்டு செல்கிறது. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் மடிந்தன. தொழிலாளர் சிலருக்குக் கண் சிவந்தது.

தடுக்கும் வழிகள் எளியவையே. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டி, இறுதியில் கறக்க வேண்டும். கருவிகளைக் கிருமிநாசினியால் கழுவ வேண்டும். கறப்பவர் கையுறையும் கண்காப்பும் அணிதல் நலம். சோதிக்காமல் மாடுகளை வெளியே அனுப்பலாகாது.

பாலை 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 விநாடி வைத்தால் நச்சுயிரி செயலிழக்கிறது. அம்மாவின் அடுப்பு அறிவியலை அன்றே அறிந்திருந்தது!