அயல்நாட்டுப் பண்பாட்டை மாணவரே ஆராய்தல்: பள்ளிபாளையத்து வகுப்பறைக்கு ஒரு திட்டம்

பிற நாட்டு மக்களின் பண்பாட்டை மாணவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு கொடி, ஓர் உணவு, ஓர் ஆடை என்னும் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஆசிரியர் சொல்கிறார், மாணவர் படம் வரைந்து ஒட்டுகின்றனர். இவ்வாறு கற்ற பிள்ளையின் உள்ளத்தில் எஞ்சுவது 'அவர்கள் வேறு' என்னும் எண்ணம் மட்டுமே. நெருக்கத்தை வளர்க்க வேண்டிய பாடம் அந்நியத்தை வளர்த்துவிடுகிறது. ஆய்வை மாணவர் கையிலேயே ஒப்படைப்பது இதற்கு ஒரு மாற்று எனக் கருதுகிறோம்.

இத்துறையில் நமக்கொரு முன்னோடி உண்டு. கி.பி. 973-இல் பிறந்த அறிஞர் அல்பிரூனி வடமொழி கற்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து, ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றிய தமது பெருநூலை எழுதினார். இந்நாட்டவர் தம்மைப் பற்றிச் சொல்வதை அவர்களுடைய நூல்களைக் கொண்டே எடுத்துரைப்பது அவரது முறை. மறுத்து வாதிடுவது தம் நோக்கமன்று என்பதையும் அவர் தெளிவாக்கினார். ஒன்பதாம் வகுப்பு மாணவரும் இம்முறையைப் பின்பற்ற இயலும்.

ஆய்வு தொலைவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. காவிரிக் கரையில் ஈரோட்டிற்கு எதிரே அமைந்த பள்ளிபாளையம் விசைத்தறி ஊர். இங்குள்ள பிள்ளைகள் தறியோசையோடு வளர்பவர்கள். கட்டமிட்ட கைலி ஒன்றை வகுப்பின் நடுவே விரித்து வைத்து, "இதனை வேறு எந்நாட்டார் உடுத்துகின்றனர்?" என்று கேட்டால் போதும். மலேசியாவில் இத்தகைய துணிக்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். பெலேக்காட் என்பது நமது பழவேற்காடே. சோழமண்டலக் கரைத் துணிக்குத் தீவுகளின் நறுமணப் பொருள்களை மாற்றாகப் பெறலாம் என்பதால்தான் டச்சுக்காரரும் 1610-இல் பழவேற்காட்டில் நிலைகொண்டனர்.

அடுத்து, மாணவர் ஒவ்வொருவரும் மலேசியாவைப் பற்றி மும்மூன்று கேள்விகள் எழுதட்டும். ஆசிரியர் அவற்றைத் திருத்தலாகாது. வீட்டில் கேட்டறியத் தக்கவை, நூலகத்தில் தேடத் தக்கவை, அந்நாட்டவரே விடையளிக்கத் தக்கவை என மூவகையாக மாணவரே அவற்றைப் பிரிக்க வேண்டும். மூன்றாம் வகைக் கேள்விகளே ஆய்வின் உயிர்நாடி.

பின்னர் உடை, உணவு, மொழி, வழிபாடு, கல்வி என ஐந்து குழுக்கள் அமையலாம். உணவுக் குழு ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளட்டும். நமது சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படுகிறது. சரவாக்கிலோ பனையினத்து மரமொன்றின் தண்டுச் சோற்றிலிருந்து மாவு எடுக்கின்றனர். மொழிக் குழு மலாய் மொழியிலுள்ள 'கெடாய்', 'கப்பால்' ஆகிய சொற்களில் நமது கடையையும் கப்பலையும் காணும். வழிபாட்டுக் குழு பினாங்கில் 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் படிக்கும். மலாய் முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபினர். நம் ராவுத்தர் குடும்பங்களோ ஹனஃபி வழியினர். ஒரே மார்க்கத்தினுள்ளும் வேறுபாடு இயல்பே என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றிற்குக் கடிதம் எழுதுவது எளிது. ஆயினும் அங்கிருந்து கிடைப்பது ஒரு சமூகத்தின் பார்வையே. மலாய்க்காரர், சீனர், தமிழர், பழங்குடியினர் எனப் பலரும் சேர்ந்ததே அந்நாடு. ஆகவே எச்செய்திக்கும் வெவ்வேறு தரப்பைச் சேர்ந்த இரு சான்றுகளேனும் வேண்டும் என்பதை வகுப்பின் விதியாகக் கொள்ளலாம். சான்று கேட்பதும், காலத்தை வரையறுப்பதும், எவரையும் இழிவுபடுத்தும் சொல் நேராமல் காப்பதுமே ஆசிரியரின் பணி.

ஆறாவது வாரத்தில் குழுக்கள் தம் முடிவுகளை முன்வைக்கும்போது மதிப்பெண்ணைவிடக் கடினமான அளவுகோல் ஒன்று உண்டு: "மலேசிய மாணவர் ஒருவர் இதனைக் கண்டால், 'ஆம், இது நாங்களே' என்பாரா?" அத்தோடு, பள்ளிபாளையத்தைப் பற்றி அவருக்கு ஒரு பக்கம் எழுதித் தருமாறும் பணிக்க வேண்டும். காவிரி, தறி, கிழங்கு, பள்ளிவாசல், கோயில் ஆகியவற்றுள் எதைச் சொல்வது, எதை விடுவது என அப்பிள்ளை தயங்கும். நம்மை ஒரு பக்கத்தில் அடக்க இயலாதெனில் பிறரையும் அவ்வாறு அடக்க இயலாது. அத்தயக்கமே இந்த ஆய்வின் முதற்பயன்.