பாப்பா ஷார்ஜா கிளம்புறா!

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே கால் வைக்க இடம் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். விதுரா ஜங்ஷன் தாண்டி, பொன்முடி போகும் ரோட்டை ஒட்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே சரிவில் நிற்கும் வீடு இது. நாளை காலை இந்த வீட்டு எட்டு மாதக் குட்டி முதன்முதலாக விமானம் ஏறுகிறாள். அப்பா ஷார்ஜாவில். விமான நிலையத்தில் தள்ளுவண்டி, புதுக் கவுன், சிரித்த முகத்தோடு ஓர் அம்மா என்று பார்ப்போமே, அந்தக் காட்சிக்குப் பின்னால் நடக்கும் கூத்தை எட்டிப் பார்க்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது. வாங்க, சத்தம் போடாமல் உள்ளே போகலாம். அட, சத்தம் போட்டாலும் இந்த வீட்டில் யாருக்கும் கேட்காது!

கூடத்தில் தரையே தெரியவில்லை. திறந்த பெட்டி இரண்டு, டயப்பர் கட்டுகள், கழுத்தில்லாத யானை பொம்மை, வாளி ஒன்று. ஷார்ஜாவில் வாளி கிடைக்காதா என்று கேட்டேன். "இது பிள்ள குளிக்கிற வாளி. அவளுக்கு இதுதான் பழக்கம்" என்றார் ஆச்சி. போணக்காடு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியே இளமையைக் கழித்தவர். ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். இன்றைய ராத்திரிக்கு மேடை மேனேஜர் இவர்தான். சித்தி கணக்குப்பிள்ளை. தாய்மாமா சுமைதூக்கி. பக்கத்து வீட்டுச் சேச்சி ஒருத்தர் எதற்கு வந்தாரென்று தெரியவில்லை, ஆனால் அவர்தான் எல்லாவற்றையும் மடித்து வைக்கிறார். கதாநாயகி மட்டும் நடு மெத்தையில் கவிழ்ந்து கிடந்து பாஸ்போர்ட் உறையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் காட்சி: எடை போடுதல். பெட்டியை நேராகத் தராசில் வைத்தால் நிற்காது. அதனால் மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மிஷின் மேல் ஏறுகிறார், சித்தி எண்ணைக் குறித்துக்கொள்கிறாள், பிறகு மாமாவின் எடையைக் கழிக்க வேண்டும். இங்கேதான் வம்பு. மாமா ஊரெல்லாம் எழுபத்தைந்து கிலோ என்று சொல்லி வைத்திருந்தார். மிஷின் எண்பத்தெட்டு என்கிறது! வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அடுத்து பாப்பாவையும் ஏற்றலாம் என்றதும் ஆச்சி பாய்ந்து வருகிறார். "வெளக்கு வச்ச நேரத்துல பிள்ளய எடை பாக்கப்பிடாது, கண்ணு பட்டுரும்!" எடை எதற்கு என்றால், பெரிய விமானங்களில் முன்வரிசைச் சுவரில் குழந்தைத் தொட்டில் மாட்டித் தருவார்கள். விமானத்துக்கு விமானம் எடை வரம்பு மாறும். அந்தக் கவலையை டிக்கெட் எடுத்துக் கொடுத்த பையன் போனிலேயே தீர்த்துவிட்டான். "அக்கா, இது சின்ன விமானம். தொட்டில் கெடையாது, மடிதான்." இரண்டு வயது வரைக்கும் தனி இருக்கை வேண்டாம். அம்மாவின் பெல்ட்டில் கோத்து மாட்டும் ஒரு குட்டி பெல்ட் தருவார்கள்.

இரண்டாம் காட்சி: வீட்டுச் சுங்கச் சோதனை. ஆச்சி ஒளித்து வைப்பதும் சித்தி தோண்டி எடுப்பதுமாக அரை மணி நேரம் ஓடுகிறது. துண்டுக்குள் சுருட்டிய கொப்பரை முதலில் சிக்கியது. எண்ணெய்ச் சத்து அதிகம், சூட்டில் தீப்பற்றும் என்பதால் 2022 முதல் இந்திய விமானங்களில் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. அடுத்தது மசாலாப் பொட்டலம். அதில் கசகசா இருக்கிறதா என்று சித்தி முகர்ந்து பார்க்கிறாள். நம் அடுக்களையில் குருமாவுக்குப் போடுகிற சாது கசகசா, அமீரகத்தில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது! "ஐயோ, அதத் தின்னு யாரு மயங்குனா?" என்று ஆச்சி கேட்கிறார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பொட்டலம் வெளியே போனது.

இப்போது பாஸ்போர்ட்டைப் பாருங்கள், சிரிக்காமல் பார்க்க வேண்டும். நாலு வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். பாப்பாவுக்கோ அப்போது உட்காரவே வராது. ஜங்ஷன் ஸ்டுடியோவில் அம்மா வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியாகவே மாறிவிட்டாளாம். மாமா கேமராவுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்க, கண் திறந்தால் வாய் திறக்கிறது, வாய் மூடினால் கண்ணும் மூடுகிறது. கடைசியில் கிடைத்தது, கடன் கொடுத்தவன் முறைப்பது போன்ற ஒரு பார்வை. அந்த மொட்டைத் தலையோடுதான் இனி ஐந்து வருடம் நாடு நாடாகப் போக வேண்டும், குழந்தை பாஸ்போர்ட்டின் ஆயுள் அவ்வளவு. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. விரலை மையில் வைத்ததும் பாப்பா அதை வாய்க்குள் கொண்டுபோக, சேவா கேந்திரத்துக்கே சிரிப்பு. எட்டு வயதுக்குக் கீழே என்பதால் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி. "அவ வாழ்க்கையில வாங்குன மொத டிஸ்கவுண்ட்" என்று மாமா பெருமைப்படுகிறார்.

அடுக்களைக்கு வாங்க, அங்கே நல்ல வாசனை. ஏத்தங்காயைச் சீவி, வெயிலில் காய வைத்துப் பொடித்து, டின்னில் அடைத்திருக்கிறார்கள். வெந்நீரும் கொஞ்சம் பனங்கற்கண்டும் இருந்தால் குறுக்கு என்கிற கூழ் தயார். குழந்தைக்குப் பயணத்தில் வேண்டிய பாலும் உணவும் கையில் கொண்டுபோகலாம். திரவங்களுக்கான நூறு மில்லி கட்டுப்பாடு பெரியவர்களுக்குத்தான். அம்மா கைப்பையை எனக்குத் திறந்து காட்டுகிறாள்: பாப்பாவுக்கு நாலு உடுப்பு, தனக்கு ஒரு மாற்றுச் சுடிதார். "எல்லாரும் பிள்ளைக்கு மட்டும் எடுப்பாங்க. பிள்ள கக்குறது யார் மேல?" இந்த ஒரு வாக்கியத்தாலேயே நான் இங்கு வந்தது வீண் போகவில்லை!

குழந்தை டாக்டர் சொன்ன உபாயம் அடுக்களைக் காலண்டரில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: ஏறும்போதும் இறங்கும்போதும் பால். காற்றழுத்தம் மாறும்போது காது அடைக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சமாளிப்போம், குழந்தைக்கு அது தெரியாது, பால் குடித்தால் தானாக விழுங்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் வழக்கமாக 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். மாமா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் குதிக்கிறார். பொன்முடி சுமார் 1,100 மீட்டர்தான். விமானக் காற்றோ அதையும் தாண்டி, நம் அகஸ்தியகூடம் உச்சி, 1,868 மீட்டர்! பதினாலு வயது ஆகாதவர்களை அந்த மலைக்கு விட மாட்டார்கள். பெண்களுக்கே 2019-இல்தான் வழி திறந்தது. பாப்பா எட்டு மாதத்தில், அதுவும் பால் குடித்துக்கொண்டே, அந்த உயரத்துக் காற்றை வாங்கப் போகிறாள்.

ராத்திரி இரண்டு மணி. காருக்குள் ஏழு பேர், பயணிகளோ இரண்டு பேர். தொளிக்கோடு, நெடுமங்காடு என்று ஊர்கள் தூங்கிக் கிடக்கின்றன, வண்டிக்குள் மட்டும் திருவிழா. பத்மநாபசாமி ஆராட்டு நாளா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட்டார்களாம். ஐப்பசியிலும் பங்குனியிலும் சாமி திருவனந்தபுரம் விமான நிலைய ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடலில் நீராடப் போவார். அந்தச் சில மணி நேரம் ஒரு விமானமும் பறக்காது. "பாஸ்போர்ட் இல்லாம ரன்வேயில போறது அவரு ஒருத்தர்தான்" என்கிறார் ஆச்சி, கும்பிட்டபடியே.

டிக்கெட் இல்லாத நமக்கு வாசலோடு சரி. கண்ணாடிக்கு வெளியே ஐந்து மூக்குகள் ஒட்டியிருக்கின்றன. உள்ளே நடப்பதெல்லாம் வாட்ஸ்அப் குரல் செய்தியாக வருகிறது. தள்ளுவண்டியை மடித்து எக்ஸ்ரேயில் போட்டார்களாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா கடந்தபோது சோதனைக் கருவி 'பீப்' என்றதாம். மறுபடியும் 'பீப்'. திரைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்தால் வெள்ளி அரைஞாண்! பெண் காவலருக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். "நான் அப்பவே சொன்னேன், கருப்புக் கயிறு போதும்னு" என்று சித்தி சொல்ல, "வெள்ளி போட்டது நீதாம்ட்டி" என்று ஆச்சி திருப்பிக் கொடுக்கிறார். கட்டுச்சோற்றுப் பொதியை அங்கேயே திறந்தாகிவிட்டது. பயணத்துக்கென்று கட்டிய இட்லி முழுக்க வழியனுப்ப வந்தவர்களின் வயிற்றுக்கு.

அதற்குள் வீடியோ அழைப்பு. ஷார்ஜாவிலும் திரைக்குப் பின்னால் ஒரு கூட்டம் வேர்த்துக்கொண்டிருக்கிறது! அமீரகத்தில் நாலு வயது வரை காரில் குழந்தை இருக்கை கட்டாயம். 2017-இல் வந்த சட்டம், மீறினால் 400 திர்ஹம் அபராதம். அப்பாவும் அறைத் தோழர்கள் மூன்று பேரும் கார் நிறுத்துமிடத்தில் அந்த இருக்கையோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவர் விளக்கப் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பெல்ட் பிடிக்குமா என்று பார்க்கப் பாப்பாவின் இடத்தில் ஒரு மட்டை அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கிறது, தலையில் புதுக் குல்லா வேறு. முதல் வளைவிலேயே மூட்டை உருண்டு விழுந்ததாம். இரண்டாவது ஓட்டத்தில் அசையவில்லை. நாலு பேரும் கைதட்டுகிறார்கள். ஆச்சி போனைப் பிடுங்கிக் கத்துகிறார்: "மாப்ள, அந்த அரிசிய எறக்கி வச்சிட்டு ஏர்போர்ட்டுக்குக் கெளம்புங்க, பிள்ள வந்துருவா!"