உப்புக்காற்றுக்கு அஞ்சாத ஜன்னல் பூக்கள்

பசியாவரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊரை ஒட்டிய உப்பு ஏரியைப் பார்த்த ஜன்னலில் பூ வைக்க ஆசையாம். பொன்னேரியில் வாங்கிவந்த ரோஜா, இலை ஓரமெல்லாம் கருகிச் செத்துவிட்டது. வேறு எதை வைக்கலாம் என்று கேட்கிறார்.

கருகக் காரணம் உப்பு. வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியே ஆவியாகிவிடும். கூடவே ஏறிய உப்பு இலை நுனியில் தங்கிவிடும். காற்றில் வரும் உப்பு வேறு மேலே படியும். இதைத் தாங்கும் செடி எப்படியிருக்கும் என்று தெரிய, கரையில் இருக்கும் உமரியைப் பாருங்கள். கோடையில் ஏரித் தண்ணீர் கரிக்கக் கரிக்க, பச்சை உமரி செக்கச்செவேலென்று ஆகிறதே, அந்தச் சிவப்பின் மேல் எனக்குத் தீராத மோகம்.

அந்தச் சிவப்பைத் தரும் சாயத்தின் பெயர் பீட்டாலைன். பீட்ரூட்டில் இருப்பதும் அதுதான். ரோஜாவின் சிவப்புக்கும் சங்குப்பூவின் நீலத்துக்கும் காரணம் ஆந்தோசயனின் என்ற வேறு சாயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு இரண்டு பால்காரர் கிடையாது, செடிகளும் அப்படித்தான். இந்த இரண்டு சாயமும் சேர்ந்திருக்கும் செடி இயற்கையில் இதுவரை அகப்படவில்லை. அடுப்படியிலேயே வித்தியாசம் பார்க்கலாம். சங்குப்பூ ஊறிய தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். பீட்ரூட் சாற்றில் பிழியுங்கள். சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

பத்துமணிப் பூ, காகிதப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி எல்லாம் இந்தப் பீட்டாலைன் கூட்டம்தான், உமரிக்கு உறவு. எல்லாம் உமரி அளவுக்கு உப்பைத் தாங்காது என்றாலும், ஜன்னலுக்கு என் ஓட்டு பத்துமணிப் பூவுக்கு. சதைப்பிடிப்பான இலையில் நீரைச் சேர்த்துவைக்கும். ஒரு கிளையை ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். வெயில் விழாத ஜன்னலில் மட்டும் மலராது. அடுத்தது நித்தியகல்யாணி. அது வேறு கூட்டம், ஆனால் உப்புக்காற்றையும் வறட்சியையும் பொறுக்கும். ஆடும் வாய் வைக்காது.

தொட்டிக்கு மீன் வைத்த பழைய தெர்மாகோல் பெட்டி போதும். நன்றாக அலசி, அடியில் துளையிட்டு, மணலும் மக்கிய சாணமும் நிரப்பி, காற்றில் சாயாமல் கம்பியோடு கட்டுங்கள். அவ்வப்போது அடியில் ஒழுகும்வரை நல்ல தண்ணீர் ஊற்றினால் தேங்கிய உப்பு கழுவிப்போகும்.

தெர்மாகோல் மக்காது. உடைந்த பெட்டியைத் தண்ணீரில் வீசினால், அது கரையொதுங்கி உமரியின் மேல்தான் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய ரோஜாவுக்காக வருந்துகிற நாம், கேட்காமலே வளர்கிற உமரியைக் குப்பைமேடாக்குவது என்ன நியாயம்?