எந்தக் காட்டின் உயிர்?

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில், கடலைக்காட்டு வரப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு முன்னுடலைத் தூக்கித் தூக்கி ஆடியதைப் பார்த்திருக்கிறேன். களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "சாரையும் நாகமும் பொணையுது கண்ணு. புதுத்துணி இருந்தா மேல போட்டு எடு, பொட்டில வெச்சா வூட்டுக்கு ஆகும்" என்றார். சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்பது ஊர் நம்பிக்கை. உண்மையில் அவை இரண்டுமே சாரைகள்; இரண்டுமே ஆண்கள். நடந்தது புணர்ச்சியல்ல, மல்லுக்கட்டு. ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அமுக்கப் பார்க்கும். தோற்றது ஊர்ந்து போய்விடும். சாரையிலும் பெண் உண்டு, நாகத்திலும் ஆண் உண்டு. கண்ணில் பட்ட காட்சி ஒன்று, நாம் வாசித்த பிரதி வேறு.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் படித்தவர்களிடம் இதைவிடப் பெரிய தப்பு வாசிப்பு ஒன்று இருக்கிறது. அது 'காட்டுயிர்' என்ற சொல்லிலேயே குடியிருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் காடு என்றால் வனமல்ல. 'காட்டுக்குப் போறேன்' என்றால் புன்செய் நிலத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். சோளக்காடு, கடலைக்காடு, குச்சிக்கிழங்குக்காடு. சூழலியல் பேசுகிற நம் மனமோ காடு என்றதும் கொல்லிமலை ஏறிவிடுகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரப்பில் கிடக்கும் உடும்பையும் காக்கத்தான் செய்கிறது. அந்தச் சட்டத்தைப் படிக்கும் மனம்தான் சரணாலய வேலிக்குள்ளேயே நிற்கிறது.

இந்த உயிர்கள் எங்கே இருக்கின்றன? எலி வளையில் நாகமும் சாரையும். வேலிப் புதரிலும் அறுத்துப் போட்ட தட்டுப் போரடியிலும் கண்ணாடி விரியன். கல்லுக்கடியில் சுருட்டை. கல்கட்டுக் கிணற்றில் தண்ணிப்பாம்பு. ஏரி மண்ணுக்குள் கோடை முழுக்கப் புதைந்து கிடக்கும் பெருந்தவளை, மழை விழுந்ததும் மேலே வருகிறது. ஆண்கள் மஞ்சளாக மாறிக் கத்துகின்றன. தேங்கிய நீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தாக வேண்டும். ஏரியைத் தூர்த்தால், கிணற்றை மூடி ஆழ்குழாய் போட்டால், இந்த வாழிடம் போய்விடும். எந்த வனத்துறை வரைபடத்திலும் அந்த இழப்பு தெரியாது. 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதுவரை அயல்நாட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போனவை நம் வயலில் பூச்சி தின்ற தவளைகள்தாம்.

இனி விஷயத்தின் மறுபக்கம். இந்தக் காட்டில் பாம்போடு கூடவே இருப்பவர் யார்? வெறுங்காலோடு களையெடுப்பவர், கூலிக்காரர். வேலை முடிந்து வீடு வந்தாலும் கதை முடிவதில்லை. கட்டுவிரியன் ராத்திரியில் திரிவது. இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலியோ வீக்கமோ அவ்வளவாக இராது. விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். கட்டிலில் கொசுவலைக்குள் படுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆக, யாரைப் பாம்பு கடிக்கும் என்பதில் வர்க்கமும் சாதியும் இருக்கின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தவர்.

இந்த நிலத்தை உள்ளபடி வாசித்தவர்கள் இருளர்கள். முன்பு அவர்கள் பிடித்த பாம்பின் தோல் கப்பலேறியது. 1972 சட்டமும் 1976இன் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பைக் குற்றமாக்கின. அறிவு மட்டும் கையில் மிஞ்சியது. 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில், அந்த அறிவை வேறு வேலைக்குத் திருப்பியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து, விஷமெடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுசிறு அளவாகக் குதிரைக்கு ஏற்றித்தான் விஷமுறி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ தரப்பட்டது. ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வட்டாரத்து விஷத்தில் செய்த மருந்து எல்லா இடத்திலும் ஒரே அளவு வேலை செய்யாது. மருந்துக்கும் திணை உண்டு என்று இதைச் சொல்லலாம்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைகள் இனிக் கணக்குத் தந்தாக வேண்டும். நல்ல தொடக்கம்தான். ஆனால் மந்திரிப்பவரிடம் நேரத்தைத் தொலைத்து, ஆஸ்பத்திரிக்கு வராமலே சாகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். காலுக்குச் செருப்பு, கைக்கு டார்ச், படுக்க ஒரு கட்டில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறி மருந்து: பாம்பையும் அடிக்காமல் ஆளையும் சாகவிடாமல் இருக்க இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்பு பேசும் நாம் இந்த நான்கையும் கோரிக்கையாக எழுதியதுண்டா? அந்த அம்மா நாளைக்கும் காட்டுக்குத்தான் போவார்.