ஏடு சொன்னால் போதுமா?

"ஏட்டிலே எழுதியிருக்கிறது, எனவே உண்மை!" என்பார் ஒருவர். "பச்சிலைதானே, எனவே பயனற்றது!" என்பார் மற்றொருவர். முன்னவர் பழமைக்குப் பல்லக்குத் தூக்குகிறார். பின்னவர் பாராமலே பழிக்கிறார். இருவரையும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: சோதித்துப் பார்த்தீர்களா?

தோழர்களே! இந்தக் கேள்வி இலட்சோப இலட்சம் உயிர்களைக் காத்த கதை ஒன்று உண்டு. சீன நாட்டிலே நடந்த கதை.

முறைக்காய்ச்சல் என்று நம் பாட்டன்மார் சொன்னார்களே, அந்த மலேரியாவைப் பற்றிய கதை அது. கொசு கடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி உடலிலே புகுகிறது, இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தின்று பெருகுகிறது. குளிர் உலுக்குகிறது, காய்ச்சல் கொளுத்துகிறது, உழைக்கும் உடல் உருக்குலைகிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் இந்நோயால் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாண்டவரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க மக்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்!

இந்த எமனை முதலில் எதிர்த்து நின்றதும் ஒரு மரந்தான். தென்னமெரிக்காவின் சின்கோனா மரம். அதன் பட்டையிலிருந்து கொய்னாவை 1820-இல் பிரித்தெடுத்தனர் பிரெஞ்சு விஞ்ஞானிகள். 1860-களில் வெள்ளையர் அந்த மரத்தை நமது நீலகிரியிலும் கொண்டுவந்து நட்டனர். பிறகு குளோரோகுயின் என்ற செயற்கை மருந்து வந்தது. ஆனால் 1960-களில் அதற்கும் மசியாத ஒட்டுண்ணி தென்கிழக்கு ஆசியாவிலே தலைதூக்கிற்று. வியட்நாம் காடுகளிலே, குண்டுக்குத் தப்பிய வீரன் கொசுவுக்கு இரையானான். வட வியட்நாம் சீனத்திடம் உதவி கேட்டது. 1967 மே 23-இல் இரகசியமாகத் தொடங்கிய ஆராய்ச்சிக்கு அந்த நாளே பெயராயிற்று: "திட்டம் 523".

1969-இல் அந்தப் பணிக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் தூ யூயூ என்ற அம்மையார். வயது 38. டாக்டர் பட்டம் இல்லை. வெளிநாட்டுப் படிப்பு இல்லை. அவரும் குழுவினரும் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினர். முதிய வைத்தியர்களை நாடினர். 2,000-க்கும் மேற்பட்ட மருந்துமுறைகளைத் திரட்டினர். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து, மலேரியா கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர்.

முடிவு என்ன? தோல்வி. மீண்டும் தோல்வி. அடுக்கடுக்காகத் தோல்வி!

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று நினைக்க வேண்டும். அந்த மூலிகைகள் பலவும் ஏட்டிலே இடம்பெற்றவைதான், முன்னோர் போற்றியவைதான். ஏடு சொன்னதே போதும் என்று அவற்றை அப்படியே நோயாளிக்குக் கொடுத்திருந்தால், செத்திருப்பவன் யார்? ஏட்டை எழுதியவனல்ல, ஏழை நோயாளி!

சோதித்த மூலிகைகளிலே சிங்ஹாவ் என்பதும் ஒன்று. நம் பூக்கடைகளிலே மணக்கிற மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடி. ஒரு முறை நல்ல பலன் தந்தது. மறு முறை ஏமாற்றியது. "உதவாது" என்று தள்ளிவிடவில்லை தூ யூயூ. நூல்களை மறுபடி புரட்டினார். நான்காம் நூற்றாண்டிலே கே ஹோங் என்பவர் எழுதிய நூலிலே ஒரு குறிப்பு: அந்தச் செடியைத் தண்ணீரிலே ஊறவைத்துப் பிழிந்து குடிக்க வேண்டும் என்று. கொதிக்கவைக்கச் சொல்லவில்லையே! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் பிறந்தது. ஐயம் பிறந்தால்தானே அறிவு வளரும்! குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தைக் கொண்டு சாறெடுத்தார். நச்சுத்தன்மையுள்ள பகுதியைப் பிரித்து நீக்கினார். 1971 அக்டோபர் 4-இல், 191-ஆவது மாதிரி, எலிகளின் உடலிலிருந்த ஒட்டுண்ணியை அடியோடு அழித்தது! அடுத்து, குரங்குகளிலும் அதே வெற்றி.

உடனே ஊராருக்கு ஊற்றிக் கொடுத்தார்களா? இல்லை. 1972 ஜூலையில் தூ யூயூவும் தோழர் இருவரும் முதலில் தாங்களே அந்த மருந்தை உட்கொண்டனர். கேடில்லை என்று கண்ட பிறகே ஹைனான் தீவிலே 21 நோயாளிகளுக்குக் கொடுத்தனர். காய்ச்சல் தணிந்தது; ஒட்டுண்ணி வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் மருந்துப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே ஆர்டிமிசினின். ஒட்டுண்ணி இரத்தத்தைத் தின்னும்போது வெளிப்படும் இரும்புச் சத்து, இந்த மருந்தைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட மருந்து ஒட்டுண்ணியையே தாக்குகிறது. தின்ற சோறே திருடனைக் காட்டிக்கொடுக்கிறது!

1977-இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானபோது தனி ஒருவர் பெயரும் அதிலே இல்லை. உழைத்த குழுவின் பெயர்தான் இருந்தது. 2015-இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 84.

"பார்த்தீர்களா, பச்சிலைதான் வென்றது! இனி இலையைக் காய்ச்சிக் குடித்தாலே போதும்!" என்று குதிக்கின்றவர்களும் இருக்கிறார்கள். கூடாது, தோழர்களே! ஆர்டிமிசினின் தண்ணீரிலே எளிதில் கரையாது; இலைக்கு இலை அதன் அளவு மாறும். அரைகுறை அளவு, ஒட்டுண்ணியைக் கொல்லாது; மருந்தை எதிர்க்க அதற்குப் பழக்கிவிடும். இலைக் கஷாயத்தை மலேரியாவுக்கு ஆதரிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவித்ததும் இதனால்தான். மாத்திரையாக வரும் ஆர்டிமிசினினைக்கூடத் தனியே தராமல் வேறொரு மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள். இனம் ஒன்று என்பதற்காக மரிக்கொழுந்தும் மருந்தாகிவிடாது. அதற்கும் தனிச் சோதனை வேண்டும்.

ஏடு வழியைக் காட்டிற்று. ஊர் போய்ச் சேர்த்தது சோதனை. முந்தைய தோல்விகளை ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்ததால்தான் 191-ஆவது வெற்றியை உலகம் நம்பிற்று.

நாளை உங்கள் வாசலிலே ஒருவர் வந்து, "இது மூவாயிரம் ஆண்டு மருந்து" என்பார். விளம்பரத் தாளோடு இன்னொருவர் வந்து, "இது மேல்நாட்டு மருந்து" என்பார். வயதைக் கேட்டு வணங்க வேண்டாம். ஊரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். யாருக்குக் கொடுத்தீர், எத்தனை பேருக்குக் கொடுத்தீர், எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று கேளுங்கள்.

கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல. உயிர் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே!